விவரத்தாளில் இல்லாத ஓர் எண்: கேமரா நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டோக்கியோவில் இயங்கும் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவுக்கும், அதன் உறுப்பு நிறுவனங்களுக்கும்,

வணக்கம். கல்யாண மண்டபங்களில் படம் எடுப்பவர்களும் கேமரா பழுதுபார்ப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றே ஒன்று. இனி வரும் ஒவ்வொரு கேமராவின் விவரத்தாளிலும் சென்சார் ரீட்அவுட் நேரத்தை, அதாவது சென்சாரின் எல்லா வரிசைகளையும் படித்து முடிக்க ஆகும் நேரத்தை, மில்லிசெகண்டில் அச்சிடுங்கள்.

சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரையான மெக்கானிக்கல் ஷட்டர் மெல்ல விடைபெறுகிறது. 2019-இல் சிக்மா எஃப்பி அது இல்லாமலேயே வந்தது. 2021-இல் நிக்கான் தன் உச்ச மாடலான இசட்9-இலிருந்தே அதை எடுத்துவிட்டது. எங்களுக்கு அதில் வருத்தமில்லை. இரண்டு லட்சம் கிளிக் என்று ஆயுள் குறிக்கப்பட்ட திரை போனால் போகட்டும். பழுதுக்கடைக்கு வேலை குறையும், அது எங்கள் பாடு. ஆனால் திரை செய்த வேலை இனி சென்சார் படிக்கும் வேகத்தின் தலையில் விழுகிறது. அந்த வேகமோ கேமராவுக்குக் கேமரா பதினைந்து மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. விவரத்தாளைப் பார்த்தால் ‘எலக்ட்ரானிக் ஷட்டர் 1/8000’ என்பதுபோல் ஓர் உச்ச வேகம்தான் இருக்கிறது.

1/8000 என்பது ஒரு வரிசை பிக்சல்கள் ஒளி வாங்கும் நேரம். மேல் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரை படித்து முடிக்க ஆகும் நேரம் வேறு. இசட்9-இன் அடுக்கு சென்சார் (வேகமாகப் படிப்பதற்கான சுற்றுகளைப் பிக்சல்களுக்குப் பின்னால் அடுக்கியது) அதைச் சுமார் 3.7 மில்லிசெகண்டில் முடிக்கிறது. மெக்கானிக்கல் திரை சட்டத்தைக் கடப்பதும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான். அடுக்கு இல்லாத சென்சாருள்ள சோனி ஏ7 ஃபோருக்கு 66 மில்லிசெகண்டை ஒட்டி ஆகிறது.

இந்த ஓர் எண் தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்குதான். முதலில் ஃப்ளாஷ். எல்லா வரிசைகளும் ஒரே சமயத்தில் ஒளி வாங்கும் அந்தக் கணத்தில்தான் ஃப்ளாஷ் வெடிக்க வேண்டும். அதற்கு ஷட்டர் நேரம் ரீட்அவுட்டைவிட நீளமாக இருக்க வேண்டும். 3.7 என்றால் 1/250 ஓடும். 66 என்றால் 1/15-க்கும் கீழே இறங்க வேண்டும், அந்த வேகத்தில் தாலி கட்டும் கை கலங்கிப்போகும். அதனால்தான் பல கேமராக்கள் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓசையின்றி இயங்கும் சைலண்ட் மோடில் ஃப்ளாஷையே அடைத்துவிடுகின்றன. கையேடு ‘ஃப்ளாஷ் இயங்காது’ என்பதோடு நின்றுவிடுகிறது.

அடுத்து, விளக்கின் துடிப்பால் படத்தில் விழும் பட்டைகள். எங்கள் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 66 மில்லிசெகண்டில் அது ஆறேழு பட்டைகளாக விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் அவை மறையும். மேடைக்குப் பின்னால் சுவர்போல் நிற்கும் எல்இடி திரை இன்னும் தொல்லை. நொடிக்கு 1920 முறை (1920 ஹெர்ட்ஸ்) புதுப்பிக்கும் திரையில் மெதுவான சென்சாருக்கு நூற்றுக்கும் மேல் மெல்லிய கோடுகள் விழும், வேகமான சென்சாருக்கு ஏழு அகலமான பட்டைகள். வேகம் மட்டும் இதற்கு மருந்தில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஷட்டரை நுண்ணிய படிகளில் நகர்த்தி விளக்கின் துடிப்போடு பொருத்தும் வசதி வேண்டும். அதை விலை உயர்ந்த மாடல்களுக்கு மட்டும் ஒதுக்காதீர்கள்.

அசைவுக்கு ஒரு கணக்கு: மணிக்கு 72 கிலோமீட்டரில் போகும் பேருந்து 66 மில்லிசெகண்டில் 1.3 மீட்டர் நகர்ந்துவிடும், 3.7-இல் 7 சென்டிமீட்டர்தான். சிலம்பக் கம்பு வில்லாக வளைந்து பதிவதும் இதனால்தான்.

அளப்பது கடினம் என்று சொல்ல முடியாது. ஆர்டினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் எல்இடியை இணைத்து 500 ஹெர்ட்ஸில் துடிக்க விடுங்கள். வேறு வெளிச்சம் இல்லாத அறையில், லென்ஸைக் கழற்றி, பால்வெள்ளை அக்ரிலிக் தகடு வழியாக அந்த ஒளியைச் சென்சாரில் விழச் செய்து, எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/8000 வைத்து ஒரு படம் எடுங்கள். மேலிருந்து கீழாக 33 பட்டைகள் இருந்தால் 33-ஐ 500-ஆல் வகுக்க, 66 மில்லிசெகண்ட். வேகமான சென்சாருக்கு 500 போதாது, இரண்டு பட்டைகூடத் தேறாது. 5000-க்கு ஏற்றி, ஷட்டர் நேரத்தையும் இயன்றவரை குறையுங்கள். ஷட்டர் நேரம் துடிப்பின் முழு மடங்காக அமைந்துவிட்டால், அதாவது 500 ஹெர்ட்ஸுக்கு 1/500 வைத்தால், பட்டையே இருக்காது, எண்ணவும் ஒன்றும் இருக்காது. முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

மேசை மேல் செய்யக்கூடிய இந்த அளவையை நீங்கள் ஏன் தரமாக்கவில்லை? பேட்டரிக்கு உங்கள் சங்கமே விதி வகுத்திருக்கிறது: 30 விநாடிக்கு ஒரு கிளிக், உள்ளமைந்த ஃப்ளாஷ் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஃப்ளாஷ். அதனால்தான் இரு நிறுவனங்களின் பேட்டரி எண்ணிக்கையை எங்களால் ஒப்பிட முடிகிறது.

‘குளோபல் ஷட்டர் வந்துவிட்டதே, இனி இது எதற்கு’ என்பீர்கள். 2023-இல் சோனி அறிவித்த ஏ9 த்ரீ எல்லாப் பிக்சலையும் ஒருசேரப் பதிகிறது, ஃப்ளாஷ் எந்த வேகத்திலும் ஓடுகிறது. ஆனால் அதன் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வின் தொடக்க அளவு, 250 என்று உயரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் தற்காலிகச் சேமிப்புக்கு இடம் ஒதுக்கியதற்கான விலை அது. பட்டுப்புடவையின் வெள்ளி ஜரிகையும் கறுப்புக் கோட்டும் ஒரே சட்டத்துக்குள் வரும்போது, வெளிச்சத்தையும் இருட்டையும் ஒருசேரப் பிடிக்கத் திணறுவதில் அந்த விலை தெரியும். பெரும்பாலானோர் கையில் இன்னும் பல ஆண்டுகள் வரிசை வரிசையாகப் படிக்கும் சென்சார்தான் இருக்கப்போகிறது.

ஒரே ஓர் எண்ணைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் வேண்டாம். கேனான் ஆர்5-இல் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால் ரா எனப்படும் மூலக் கோப்பு 14 பிட்டிலிருந்து 12 பிட்டாகிறது. வேகத்துக்காக நிழல் விவரத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே 14 பிட், 12 பிட், தொடர் கிளிக், 4கே வீடியோவின் ஒவ்வொரு பிரேம் வேகம் என்று தனித்தனி வரிகள் வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத மாடலில் ஃப்ளாஷ் ஒத்திசைவு வேகத்தை, அதாவது ஃப்ளாஷ் ஓடக்கூடிய உச்ச ஷட்டர் வேகத்தை, 1/8000 அச்சாகும் அதே எழுத்தளவில், அதன் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
மண்டபங்களில் படம் எடுப்போரும் கேமரா பழுதுபார்ப்போரும்