ஆதாரத்தில் இரண்டு கையெழுத்து

மார்த்தாண்டம்,
நவம்பர் 2

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஐப்பசி மழை விட்டபாடில்லை. பால்வெட்டு நின்று இரண்டு வாரம் ஆச்சு. ரப்பர் மூட்டில் தண்ணீர் கட்டிக் கிடக்கிறது. மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரிக்கு முட்டுவலி இப்போது எப்படி? நெய்யாற்றின்கரையில் பார்க்கிற வைத்தியம் பிடிக்கவில்லை என்றால் இங்கே கூட்டிக்கொண்டு வா. நல்ல ஆசான்மார் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். தங்குவதற்கு நம் வீடு இருக்கிறது.

உன் பேரன் பள்ளியில் கேரளப் பிறவிக்கு, அதாவது கேரளம் பிறந்த நவம்பர் 1 அன்று, வேட்டி கட்டிக்கொண்டு பாடப் போகிறான் என்று எழுதியிருந்தாய். இங்கே என் பேத்திக்கும் அதே நாள்தான் வேலை வைத்தது. நவம்பர் 1 அன்று வரலாற்றில் என்னென்ன நடந்தது என்று ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். போனில் தேடி முப்பது சம்பவம் எழுதிக்கொண்டு வந்து, ஒரே மூச்சில் என் முன்னால் ஒப்பித்தாள். ஹரியானா, சத்தீஸ்கர், மைசூர் ராஜ்யம், 1959இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் மறைவு என்று எல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றன. பாகவதர் பெயர் வந்ததும் எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவர் எடுக்கிற அந்த இழுப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

"நாலை மட்டும் வைத்துக்கொள் மோளே, மீதியை விடு" என்றேன். அந்த நாலைத் தேர்ந்தெடுக்கத்தான் மூன்று ராத்திரி போனது. அதைத்தான் உனக்கும் எழுதத் தோன்றியது.

முதலாவது 1858. அன்று அலகாபாத்தில் கானிங் பிரபு விக்டோரியா ராணியின் பிரகடனத்தை வாசித்தார். கம்பெனி ஆட்சி முடிந்து ராணி ஆட்சி வந்தது என்று நாமும் படித்துப் பரீட்சை எழுதினோம். மக்களின் மத நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் அரசு தலையிடாது என்று அதில் ஒரு வாக்கு உண்டு. படிக்க நல்ல வாக்குதான். ஆனால் அது தென்திருவிதாங்கூருக்கு வந்து சேர்ந்தபோது இங்குள்ள மேல்சாதிக்காரர்கள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்தார்கள். நாடார் பெண்கள் மார்பையும் தோளையும் மூடுகிற தோள்சீலை போடக் கூடாது என்ற பழைய வழக்கத்தை இனி யாரும் தட்டிக் கேட்க முடியாது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷக் கடைசியிலும் அடுத்த வருஷத் தொடக்கத்திலும் நம் பெண்கள் பட்ட பாடு உனக்கே தெரியும். பொது இடத்தில் வைத்துச் சீலையைக் கிழித்தார்கள். வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன. மதராஸ் கவர்னர் டிரெவெலியன் அரண்மனையை நெருக்கின பிறகுதான் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் உத்தரவு வந்தது. நாடார் பெண்கள் மேலே துணி போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது. அந்த "ஆனால்" இருக்கிறதே மக்கா, அதை வாசிக்கும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு காந்துகிறது. அலகாபாத்தில் ஒருவர் வாசித்த தாள் இங்கே நம் பூட்டியின் தோளில் வந்து விழுந்திருக்கிறது. பேத்தி அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்தவள், இதைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டாள்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது என் மருமகள். அவள் குளச்சல்காரி என்பது உனக்குத் தெரியுமே. பின்பக்கம் உட்கார்ந்து சாளை உரசிக்கொண்டிருந்தாள். பேத்தி "1755, லிஸ்பன் பூகம்பம்" என்று வாசித்ததும், செதில் ஒட்டின கையோடு எழுந்து வந்து வாசலில் நின்றாள். "அந்தக் கதையைச் சொல்லுங்க மாமா" என்றாள். சொன்னேன். அன்று சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணி தாண்டியிருக்கும். ஊர் முழுக்கக் கோயிலில் பூசையில் இருக்கும்போது பூமி ஆடியது. ஏற்றி வைத்திருந்த மெழுகுதிரிகள் சரிந்து தீப்பிடித்தது. இடிபாட்டுக்குப் பயந்து திறந்த வெளி தேடி ஆற்றுத்துறைக்கு ஓடினவர்கள், தண்ணீர் உள்ளே வாங்கித் தரை தெரிவதைப் பார்த்தார்கள். சுமார் 40 நிமிடத்தில் அலை வந்தது. நம் கோட்டாறு கோயிலின் புனித சவேரியார் 1541இல் கப்பல் ஏறினாரே, அதே லிஸ்பன்தான். நாம் டிசம்பர் 3 திருவிழாவுக்குப் போய்ப் பொரிகடலை வாங்கித் தின்ற காலத்தில் யாராவது இதை நமக்குச் சொல்லியிருந்தால் அந்த ஊர் நமக்கு இவ்வளவு தூரமாக இருந்திருக்காது.

மருமகள் ஒன்றும் பேசவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில், அவளுடைய சித்தியைக் கடல் கொண்டுபோனது. அந்தக் காலையில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் எத்தனை வீடு இருட்டிப் போனது! மணக்குடியின் கான்கிரீட் பாலத்தையே அலை பிய்த்து எறிந்ததை நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? நீ பாலத்தின் துண்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாய். இன்று கல்லறைத் திருநாள். மருமகள் சாயங்காலம் மெழுகுதிரிக் கட்டோடு குளச்சலுக்குப் போயிருக்கிறாள். மழை சற்று ஓய்ந்திருப்பது அவளுக்காகத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது புதுச்சேரி. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுசாக முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனாலும், ரத்தம் சிந்தாமல் இந்தக் கைமாற்றம் நடந்தது. அந்த 1954 என்ற வருஷத்தைப் பார்க்கும்போதுதான் எனக்கு நம் ஊர் நினைவு வந்து வலித்தது.

அதே வருஷம் ஆகஸ்ட் 11 அன்று இங்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. நம் தமிழ்த் தாலுகாக்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன, பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சி. அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராட்டம். விடுதலை நாள் என்று அறிவித்து ஊர்வலம் போனவர்கள் மேல் சுட்டார்கள். என் அப்பா அன்று வாழைக்குலையோடு மார்த்தாண்டம் வந்திருந்தார். சத்தம் கேட்டதும் குலைகளை அப்படியே போட்டுவிட்டுக் குழித்துறை ஆற்றங்கரை வழியாக ஓடி வந்தாராம். சாகிற வரைக்கும், வாழைக்குலை நடுரோட்டில் கிடந்து மிதிபடுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது.

இதே போராட்டத்தில் இதற்கு முன்னால் 1948இலேயே மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையனும் உயிரைக் கொடுத்துவிட்டார்கள். நேசமணி ஐயா தலைமையில் கேட்டது ஒன்பது தாலுகா. மாநில எல்லைகளை மாற்றி அமைக்கப் போட்ட பசல் அலி கமிஷன் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தது. அந்த நாலாவது இதுதான்: 1956 நவம்பர் 1 அன்று நமக்கு வந்தது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் வரவில்லை. உன் நெய்யாற்றின்கரையும் வரவில்லை. அந்த நாலு தாலுகா இப்போது ஆறாகிவிட்டது, ஆனாலும் வயசானவர்கள் வாயில் "நாலு தாலுகா"தான்.

அப்புறம், உனக்கு இந்தக் கடிதத்தோடு ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். பேத்தியின் பேச்சுக்காகப் பரண் பெட்டியைக் கிளறினபோது கிடைத்தது. நம் கிழக்கு விளையின் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம். மலையாள ஆண்டு 1129, கர்க்கடக மாதம். கணக்குப் போட்டுப் பார். 1954 ஜூலைப் பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை. ஊர் கொதித்துக்கொண்டிருந்த அதே மாதத்தில் பாட்டா தேங்காய் விற்ற காசில் 22 சென்ட் வாங்கியிருக்கிறார். தாள் நாலாக மடிந்து, மடிப்பில் இற்று, கருப்பட்டி நிறமாகிவிட்டது. முழுக்க மலையாள எழுத்து. ஒரு வரி எனக்கு ஓடவில்லை. கடைசியில் மட்டும் பாட்டா தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு புள்ளியையும் அழுத்தி, புள்ளி வைத்த இடத்தில் தாளே ஓட்டையாகிப் போயிருக்கிறது. அதற்குக் கீழே சாட்சி அப்பா. அவர் கையெழுத்து மலையாளம்.

ஒரே வீட்டில் பாட்டா தமிழ், அப்பா மலையாளம், நான் மறுபடி தமிழ். அப்பாவுக்குக் கிடைத்த பள்ளி அதுதான். வீட்டில் நம்மோடு தமிழ் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் குலைக் கணக்கு எழுதின நோட்டு எல்லாம் மலையாளம். அவர் போன பிறகு அந்த நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். என் சொந்த அப்பா எழுதினதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் இந்தப் போராட்டம் எதற்கு நடந்தது என்று எனக்கு வயிற்றில் உறைத்தது. மலையாளம் பேசுகிறவர்கள் மேல் பகை வைத்து நடந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பள்ளியும் கோர்ட்டும் ஆபீசும் தன் பேச்சில் வேண்டும் என்று கேட்டார்கள். அது நியாயம்.

உனக்கு அது கிடைக்கவில்லை என்பது ஒவ்வொரு நவம்பர் 1 அன்றும் எனக்குத் தொண்டையில் நிற்கும். இங்கே நாகர்கோவிலில் நேசமணி ஐயா சிலைக்கு மாலை போடும்போது, எல்லையில் இருக்கிற களியக்காவிளை தாண்டினால் அதே காலையில் உன் தெருவில் வேறொரு கொண்டாட்டம். உன் பேரன் பாடுவதும் சந்தோஷமான பாட்டுதான், அவன் பாடட்டும். அவனுக்கு அது பிறந்த ஊர். ஆனால் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தமிழ் வாத்தியாரிடம் குட்டு வாங்கினவர்கள். நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு அந்தப் பக்கம் போனதிலிருந்து, எழுதும்போது தமிழ் மறந்துவிடுகிறது என்று இரண்டு தடவை எழுதிவிட்டாய். இன்னொரு தடவை எழுதாதே. மாதம் ஒரு கடிதம் எழுது, மறக்காது.

இன்னொன்று. இந்தத் தேதி அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, தெரியுமா? 290ஏ பிரிவு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து மாறி வந்த பகுதியின் இந்துக் கோயில்களுக்காகத் தமிழ்நாடு வருஷம் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நாட்டின் சட்டப் புத்தகத்தில் நம் சுசீந்திரத்து விளக்கெண்ணெய்க்கு ஒரு வரி! பேத்திக்கு இதுதான் மிகவும் பிடித்தது. கோடு போட்ட பிறகும் எல்லாம் சுத்தமாகப் பிரிந்துவிடவில்லை. தக்கலையில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனை இன்னும் கேரள அரசிடம். நவராத்திரிக்கு சரஸ்வதி அம்மனும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போய்த் திரும்பி வருகிறார்கள், களியக்காவிளையில் இரண்டு போலீசும் மரியாதை செய்கிறார்கள். சாமிக்குத் திறக்கிற வழி தண்ணீருக்குத் திறக்கவில்லை என்பதுதான் வருத்தம். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004இலிருந்து விளவங்கோட்டுக்குத் தண்ணீர் இல்லை. கால்வாய்க்குள் காட்டுச்செடி ஆள் உயரம் நிற்கிறது.

பேத்தி நன்றாகப் பேசினாள் என்று டீச்சர் போனில் சொன்னார். ஐந்து நிமிடம் எட்டு நிமிடமாகிவிட்டதாம். பாட்டாவின் ஆதாரத்தையும் கையோடு கொண்டுபோய் காட்டியிருக்கிறாள்.

சரி, உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். ஜெராக்ஸில் மூன்றாம் பக்கத்தைப் பார். நாலு எல்லையும் சொல்கிற இடம். கிழக்கே யாருடைய விளை, மேற்கே எந்தத் தோடு (ஓடை) என்று எழுதியிருக்க வேண்டும். மடிப்பில் எழுத்து உதிர்ந்துபோய்விட்டது. நீ மலையாளம் நன்றாகப் படிப்பாய், பூதக்கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்து எழுது. அப்பாவின் நோட்டும் ஏழு இருக்கிறது, அதைத் தபாலில் அனுப்ப எனக்கு மனசில்லை. நீ நேரில் வந்து எனக்கு வாசித்துக் காட்டு. பின்பக்கத்து மட்டி வாழைக்குலை முற்றி நிற்கிறது, இந்த வாரம் வெட்டி வைக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பழுத்துவிடும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்