தேதி சொல்வதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணம்மா,

மீட்டிங் வந்துவிட்டது என்று போனைப் பாதியில் வைத்துவிட்டாய். மீதியை எழுதியே அனுப்பிவிடுகிறேன்.

சாஃப்ட்வேர் டீமுக்கு லீட் ஆனதும் எல்லோரும் உன்னிடம் கேட்கப்போவது ஒன்றைத்தான்: எப்போது முடியும்? மேலே ஏற்கெனவே ஒரு தேதியை முடிவு செய்துவிட்டார்கள், அதற்குத் தகுந்த மாதிரி எஸ்டிமேட்டைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாயே, வேண்டாம்மா. அந்தத் தேதியை நீ கொடுத்த நிமிடத்திலிருந்து அது உன் வாக்கு. அதற்காக ராத்திரி கண்விழிக்கப்போவது உன் டீம்.

முதலில் டீமோடு உட்கார்ந்து வேலையைத் துண்டு துண்டாகப் பிரி. ஒரு துண்டுக்கு இரண்டு வாரம் ஆகும் என்று யாராவது சொன்னால், அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம், இன்னும் பிரி. கோட் எழுதும் நேரத்தை எல்லோரும் சரியாகவே போடுவார்கள். எழுதியதை இன்னொருவர் பார்க்கும் ரிவியூவுக்கு ஆகும் நேரம், டெஸ்ட் டேட்டா தயார் செய்வது, டெஸ்டிங்கில் வரும் பிழைகளைத் திருத்தி மறுபடி டெஸ்ட் செய்வது, இன்னொரு டீமின் ஏபிஐக்காக (அவர்கள் மென்பொருளோடு நம்முடையது பேசும் இணைப்பு) காத்திருப்பது, கிளையண்ட் பார்த்து ஓகே சொல்ல எடுத்துக்கொள்ளும் நாட்கள், இவையெல்லாம் எஸ்டிமேட் ஷீட்டில் வரவே வராது. நான் பார்த்த வரையில் தேதி தள்ளிப்போனது பெரும்பாலும் இவற்றால்தான்.

அப்புறம், ஒற்றைத் தேதி சொல்லாதே. "பேமென்ட் ஏபிஐ பிப்ரவரி முடிவதற்குள் கைக்கு வந்தால் மார்ச் 10, வராவிட்டால் மார்ச் 24" என்று நிபந்தனையோடு சொல். இப்படிச் சொன்னால் திறமை இல்லாதவள் என்று நினைப்பார்களோ என்று பயப்படாதே. கணினித் துறையினரின் சங்கங்களான ஏசிஎம்மும் ஐஈஈஈ கம்ப்யூட்டர் சொசைட்டியும் சேர்ந்து 1999இல் ஏற்றுக்கொண்ட மென்பொருள் பொறியாளர் நெறிமுறையில் 3.09 என்று ஒரு விதி இருக்கிறது. செலவு, காலம், ஆட்கள், தரம் எல்லாவற்றுக்கும் நடைமுறைக்கு ஒத்துவரும் மதிப்பீட்டைக் கொடுக்க வேண்டும், அதில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது அது. ஆக இது உன் தொழிலின் கடமை, யாரும் உனக்குக் கொடுக்கும் சலுகை இல்லை.

அடுத்தது ஸ்டேட்டஸ் ரிப்போர்ட். பன்னிரண்டு வாரமும் எல்லாம் சரி என்று பச்சையாக இருந்துவிட்டு ரிலீசுக்கு முந்தின வாரம் திடீரென்று ஆபத்து என்று சிவப்பாகும் ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரச்சினை அந்த வாரத்தில் முளைத்ததா என்ன? டெவலப்பருக்கு நான்காவது வாரமே தெரியும், சொல்ல பயம். "தொண்ணூறு சதவீதம் முடிந்தது" என்பதை ரிப்போர்ட்டில் அனுமதிக்காதே. ரிவியூ ஆகி, டெஸ்ட் பாஸ் ஆகி, டெமோ காட்டினால் முடிந்தது. இல்லையென்றால் முடியவில்லை. அவ்வளவுதான். மஞ்சள், சிக்கல் வரும்போல இருக்கிறது என்று வந்து சொல்கிறவரை நீ எப்படி நடத்துகிறாய் என்பதை டீம் முழுவதும் கவனித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை நீ எரிந்து விழுந்தால் போதும், அதற்கப்புறம் உனக்கு உண்மை வராது.

கெட்ட செய்தி வந்தும் யார் காதிலும் விழாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைக் கட்டாயம் தேடிப் படி. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்குச் சந்தை. புதிய கோட் ஒன்றை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஒன்று விட்டுப்போனது. இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. விட்டுப்போன சர்வரில் பல வருடங்களாகப் பயன்படுத்தாத பழைய கோட் இருந்தது, அதை இயக்கிவந்த ஃபிளாகையே (ஆன்/ஆஃப் சுவிட்ச் மாதிரி ஒரு குறி) புதிய வசதிக்கும் பயன்படுத்தியதால் அது உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். என் மனதை உறுத்துவது அந்தத் தொகைகூட இல்லை. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த சிஸ்டம் பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை இல்லை, அதனால் யாரும் அவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. உன் டீமில் எந்த அலர்ட் யாருக்குப் போகிறது, வந்தால் அவர் என்ன செய்ய வேண்டும், ரிலீசை நிறுத்திப் பின்வாங்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வை.

தாமதமாகும்போது "இன்னும் நாலு பேரைத் தருகிறோம்" என்பார்கள், அன்பாகத்தான் சொல்வார்கள். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேச 10 இணைப்புகள், பத்துப் பேர் என்றால் 45. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உன் நல்ல டெவலப்பர்தான், அவருடைய வேலை அப்படியே நிற்கும். ஆளுக்குப் பதிலாக ஸ்கோப்பை, அதாவது செய்ய வேண்டிய வேலையின் அளவை, குறைக்கக் கேள். எந்த வசதி முதல் ரிலீசில் இல்லாவிட்டாலும் கிளையண்டின் வேலை நடக்கும் என்பதை அவர்களோடு உட்கார்ந்தே முடிவு செய்.

ஒவ்வொரு போன் காலும் முடிந்ததும் பேசியதை நான்கு வரியில் மெயிலாக அனுப்பிவிடு. யார் மேலும் சந்தேகப்பட்டு இல்லை, மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

உன் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் டேட்டாபேசில் ஏதோ தவறு செய்துவிட்டான், அவன் பெயரை ரிப்போர்ட்டில் போடச் சொல்கிறார்கள் என்றாயே, போடாதே. என்ன நடந்தது, எப்படி நடக்க முடிந்தது, புதிய பையனுக்கு வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமான ப்ரொடக்‌ஷனில் நேரடி அனுமதி ஏன் இருந்தது என்று எழுது. கேட்டால் பொறுப்பு என்னுடையது என்று சொல். அவனிடம் தனியாகப் பேசு, அடுத்த மாற்றத்தை அவனையே செய்யவிட்டு நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்.

அந்த ஷீட்டை எனக்கும் அனுப்பு, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா