பிரேதப் படங்கள்: நீதிபதிக்கும் கண் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கொலை வழக்குகளில் கோரமான படங்களைக் காட்டுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் தீர்ப்பு சொல்ல உட்காரும் சாதாரணக் குடிமக்களான ஜூரிகள் ஆத்திரப்பட்டுவிடுவார்கள் என்பதால் அங்கே கட்டுப்பாடு தேவை, நம் ஊரில் தீர்ப்பு எழுதுவது நீதிபதி, அதனால் கவலை இல்லை என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதை ஏற்க முடியவில்லை.

போலீஸ் போட்டோகிராபர் கூண்டேறி "நான்தான் எடுத்தேன்" என்பார். ஒரே உடலைப் பல கோணங்களில் எடுத்த படங்கள், சி.டி.யோடு சேர்த்து மொத்தமாகச் சாட்சியமாக ஏற்கப்பட்டு நம்பர் போடப்படும். இத்தனை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம் இறந்தவரின் தாயிடம் ஒரு படத்தை நீட்டி, "இது உங்கள் மகன்தானே?" என்பார்கள். அந்த அம்மா போடும் அலறலில் கோர்ட் ஹாலே உறைந்துபோகும். வாக்குமூலத்தில் ஏறுவதோ, படத்தை அடையாளம் காட்டினார் என்ற ஒரு வரி.

இத்தனைக்கும் இறந்தது யார், எப்படி என்பதில் பல வழக்குகளில் தகராறே இருக்காது. குத்தியது இவனா என்பதுதான் கேள்வி. எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால் டாக்டரை விசாரிக்காமலே பிரேதப் பரிசோதனை அறிக்கையைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 294ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 330. ஆனால் எதையும் ஒப்புக்கொள்ளாமலிருப்பதே நம் டிஃபென்ஸ் வக்கீல்களின் பழக்கம். அவர்கள் மறுக்க மறுக்க, அரசு வக்கீலும் இருக்கிற படத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார். அடிபடுவது குற்றம் சாட்டப்பட்டவர்.

படமே வேண்டாம் என்றில்லை. தூக்கா, நெரிப்பா என்ற வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கில் தொங்கினால் கயிற்றுத் தடம் பெரும்பாலும் சாய்வாக மேலேறி முடிச்சருகே விட்டுப்போகும். கயிற்றால் இறுக்கிக் கொன்றிருந்தால் அது கழுத்தைச் சுற்றிக் கிடையாக ஓடும். அங்கே கழுத்தின் படம் ஒன்றே வழக்கைத் தீர்த்துவிடலாம். அது எவ்வளவு கோரமாக இருந்தாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வேறு சாதிப் பெண்ணை மணந்த உடுமலைப்பேட்டை சங்கர் 2016 மார்ச்சில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்ட சிசிடிவி காட்சியை டி.வி.யில் பார்க்காதவர் குறைவு. வெட்டியவர்கள் யார் என்பதற்கு அது வலுவான சாட்சியம். வெட்டச் சொன்னது யார் என்பதை அந்தக் காமிரா பார்க்கவில்லை. 2017இல் விசாரணை நீதிமன்றம் அந்தப் பெண்ணின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்கு விதித்தது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுவித்தது, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அந்தக் காட்சியால்தான் முதல் தீர்ப்பு அப்படி வந்தது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் ஒருவருக்கு எதிராக நிற்கும் காட்சி பக்கத்தில் நிற்பவர் மேலும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் நியாயமானதுதானே?

அமெரிக்கக் கூட்டாட்சி சாட்சிய விதிகளில் 403ஆம் விதி இதற்காகவே இருக்கிறது. சாட்சியம் பொருத்தமானதாகவே இருக்கட்டும். அதன் நிரூபண மதிப்பைவிட அது கிளப்பும் நியாயமற்ற வெறுப்பு மிக அதிகம் என்றால் நீதிபதி அதை ஒதுக்கலாம். நம் சாட்சியச் சட்டத்தை 2023இல் மாற்றி எழுதினார்கள், இப்படி ஒரு பிரிவைச் சேர்க்கவில்லை. அதே நேரம், 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போய் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. இனி கோர்ட்டுக்கு வரும் காட்சிகள் கூடத்தான் போகின்றன.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம்பர் போடும் முன்பே நீதிபதி அரசு வக்கீலிடம், "தகராறில் உள்ள எந்த விஷயத்துக்கு இந்தப் படம்?" என்று கேட்கலாம். பதில் இல்லாத படம் கவருக்குள்ளேயே இருக்கட்டும். தாயிடம் காட்டியே ஆக வேண்டுமென்றால் காயம் தெரியாத முகப் படம் ஒன்று போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், திருநெல்வேலி