சில்க் மார்க் தறியைப் பற்றிப் பேசாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாண சீசன் சிறப்பிதழில் பட்டுச்சேலைக் கட்டுரை படித்தேன். படங்கள் அருமை, அதில் குறையில்லை. ஆனால் சில்க் மார்க் முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அசல் காஞ்சிபுரம் கைத்தறிதான் என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் சும்மா விட முடியவில்லை.

பெங்களூரில் இருக்கிற நமக்கு சில்க் போர்டு என்றாலே டிராபிக்தான் ஞாபகம் வரும். அந்தச் சந்திப்புக்குப் பெயர் கொடுத்த மத்திய பட்டு வாரியம்தான் 2004-ல் இந்த முத்திரையைக் கொண்டு வந்தது. நூல் சுத்தப் பட்டுதானா என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. கையால் நெய்ததா, விசைத்தறியில் ஓட்டியதா, காஞ்சிபுரமா, தொட்டபள்ளாபுரமா, சரிகையில் வெள்ளி எவ்வளவு, இதெல்லாம் அதில் வராது. வரும் என்று வாரியமும் சொல்லவில்லை. கைத்தறிக்கென்று 2006-ல் வந்த கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது, காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. சிக்பேட்டையில் போய் 'இது கைத்தறியா' என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் கடையில் சில்க் மார்க்கைத்தான் காட்டுவார்கள்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? சேலையைத் திருப்பிப் பாருங்கள். காஞ்சிபுரத்தின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடா (குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை) வேண்டும், உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொரு ஓட்டத்திலும் கரை ஊடையும் உடல் ஊடையும், அதாவது குறுக்கு இழைகள், ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். தனி ஆளால் முடியாது என்று பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார், பல வீடுகளில் அது மனைவிதான் (உங்கள் கட்டுரை இதை 'குடும்பக் கலை' என்று அழகாகச் சொல்லிவிட்டது, அந்த இரண்டாவது ஆளுக்குக் கூலி உண்டா என்று கேட்கவில்லை). இப்படி நெய்தால் அரக்குக் கரை அரக்காகவே நிற்கும், மயில்கழுத்து உடலின் சாயல் அதில் விழாது. ஒரே ஊடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடினால் கரையில் உடல் நிறம் கலந்து ரெண்டுங்கெட்டானாகத் தெரியும். முந்தியும் வேறு நிறமானால், நெடுக்கே ஓடிக்கொண்டிருக்கிற பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைப் பிணைக்க வேண்டும், அதுதான் பிட்னி. அந்த இடத்தில் விரலை ஓட்டினால் திட்டுத்திட்டாக ஒரு கோடு தட்டுப்படும். ஒரு கடையில் அந்தக் கோட்டை டேமேஜ் என்று சொல்லி வேறு சேலை எடுத்துப் போட்ட கூத்தையும் பார்த்திருக்கிறேன்! கோர்வை இல்லாத கைத்தறிச் சேலையும் உண்டு, அதனால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட வேண்டாம்.

அப்புறம், மைசூர் சில்க்கைக் கைத்தறி வரிசையில் சேர்த்திருக்கிறீர்கள். 1912-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூரில் தொடங்கிய ஆலை அது, விசைத்தறியில்தான் நெய்கிறார்கள். யாரும் மறைக்கவில்லை. சரிகையில் 65 சதவீதம் வெள்ளி, 0.65 சதவீதம் தங்கம் என்று கணக்குச் சொல்லி விற்கிறார்கள், ஜனங்களும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். எனக்கும் பிடித்த சேலைதான், வெயில்கால முகூர்த்தத்துக்குக் காஞ்சிபுரத்தைவிட அதுவே சுகம். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி அந்த விலைக்கே தலையில் கட்டும்போதுதான் எரிச்சல் வருகிறது. சில வகைச் சேலைகளை விசைத்தறியில் நெய்யவே கூடாது என்று 1985-ல் போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை.

கர்நாடகக் கைத்தறியைக் காட்ட வேண்டுமென்றால் சித்ரதுர்கா மாவட்டத்து மொளகால்மூரு பட்டு இருக்கிறது, பாகல்கோட்டைப் பக்கம் இளக்கல் இருக்கிறது. இளக்கலில் உடல் பாவின் கண்ணிகளையும் முந்திப் பாவின் கண்ணிகளையும் கோத்து நெய்வார்கள், நம் பிட்னிக்குப் பங்காளி மாதிரி. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் ஆட்கள் வீட்டுக் கல்யாணங்களில் அதை அதிகம் பார்க்க முடிவதில்லை.

அடுத்த சிறப்பிதழில், மாடல் பெண் முந்தியை விரித்து நிற்கும் படத்தோடு, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து ஒரு சின்னப் படமாவது போடுங்கள். விளம்பரம் தருகிற கடைகளிடமும் கைத்தறியா விசைத்தறியா என்று கேட்டு விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். அதற்கு எந்தக் கடை மறுக்கிறது என்பதையும் வாசகர்களுக்குச் சொன்னால் இன்னும் நல்லது.

அல்சூர் வாசகி, பெங்களூரு