பரங்கிப் பூவும் நானும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. ஏன் பதில் இல்லை என்றால் சிரிப்பாய்: தினமும் காலை ஆறு மணிக்குக் கொல்லையில் பரங்கிப் பூக்களுக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

நிஜமாகத்தான். ஆடியில் போட்ட விதை, கொடி மாட்டுக்கொட்டகைக் கூரைவரை ஏறிவிட்டது, பூவுக்கும் குறைவில்லை, ஆனால் பிஞ்செல்லாம் கோலிக்குண்டு அளவு வந்ததும் மஞ்சளித்து உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு எதை எதையோ வாங்கி ஊற்றினேன். அப்புறம் ஒருநாள் காப்பி டம்ளரோடு கொடியருகே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. எட்டரை மணிவரை ஒரு தேனீகூட எட்டிப்பார்க்கவில்லை, எறும்புதான் ஊர்ந்தது. பரங்கிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும், அதற்குள் ஆண் பூ மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்த வேலைதான் இப்போது எனக்கு. ஆண் பூவைக் கிள்ளி, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெதுவாகத் தேய்க்கிறேன், விரலெல்லாம் மஞ்சள். மார்கழியில் சாணிப் பிள்ளையாருக்குப் பூப் பறிக்கப் போனால், "அடியில பிஞ்சு இருக்குற பூவைத் தொடாதீங்கடா" என்று அம்மா நம் இருவரையும் அதட்டுவாளே, அந்தப் பாடம்தான் கைகொடுக்கிறது.

நம் பக்கம் தேனீ குறைந்துபோனது யாருக்கும் உறைக்காததற்கு நெல்தான் காரணம். நெல்லுக்குத் தேனீ வேண்டாம், தன் பூவிலேயே தானே கருக்கொள்ளும். குறுவையும் சம்பாவும் வீடு வந்தால் எல்லாமே விளைந்த மாதிரி ஒரு நினைப்பு. வரப்பில் தும்பைகூட மிஞ்சாமல் களை மருந்து அடிக்கிறோம். போன பங்குனியில் எள் பூத்திருந்தபோது பக்கத்து வயல்காரர் காலை எட்டு மணிக்கு மருந்து அடித்தார். தேனீ வருகிற நேரமாச்சே, சாயங்காலம் அடிக்கக் கூடாதா என்றேன். "அடிக்கிற ஆள் காலையிலதாங்க வர்றான்" என்றார். அதுவும் நியாயம்தான்.

தேனீ குறைந்ததற்கு மருந்து மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். 1991, 92 வாக்கில் கேரளத்தில் தொடங்கிப் பரவிய 'தாய் சாக்புரூட்' (தாய்லாந்தின் பெயர் கொண்ட தேனீப் புழு நோய்) வைரஸில் தென்னிந்தியாவின் பெட்டித் தேனீக்கள் பெரும்பாலும் அழிந்தன. புழுவே பை மாதிரி வீங்கிச் செத்துவிடும்.

நீ அனுப்பியிருந்த ஐன்ஸ்டீன் வாசகம், தேனீ போனால் மனிதனுக்கு நாலு வருஷம்தான் என்பது, அவர் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. அவ்வளவு தூரம் பயப்படவும் வேண்டாம். 2016-ல் வந்த ஐ.நா. சார்பு அறிக்கைப்படி உலக உணவுப்பயிர் வகைகளில் முக்கால்வாசி மகரந்தச் சேர்க்கைக்குக் கொஞ்சமாவது பூச்சி, பறவை, வௌவால்களை நம்பியிருக்கின்றன; விளைச்சல் அளவில் பார்த்தால் அந்தப் பயிர்களின் பங்கு 35 சதவீதம். சோறு இருக்கும், தொட்டுக்கொள்ளத்தான் திண்டாட்டம்.

உன் மாடித்தோட்டத்துக் கத்தரிப் பூ கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்குச் சாதாரணத் தேனீகூடப் போதாது, பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் கருவண்டு மாதிரி ஆள் வேண்டும். சென்னையில் அதை எங்கே தேடுவாய்? காலையில் பூக்காம்பை விரலால் சுண்டிவிட்டுப் பார்.

இங்கே கொட்டகை மூங்கிலைத் துளைத்து இரண்டு கருவண்டுகள் குடியிருக்கின்றன. மகன் கூரையைப் பிரித்துத் தகரம் போடலாம் என்கிறான். இந்த வருஷம் வேண்டாம் என்றேன், காரணத்தைக் கேட்டுவிட்டு அவனும் அவன் அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

இதுவரை ஏழு பிஞ்சு நின்றிருக்கிறது. பொங்கலுக்கு வா, ஒன்று உனக்கு.

உன்,
கணேசன்
திருவையாறு