மூன்றில் எது கேடு குறைவு என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சிகரெட்டைக் குறைத்துக்கொண்டு வேப் (மின்சிகரெட்) பிடிக்க ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். கூட இருப்பவர்கள் "கஞ்சா மூலிகைதானே" என்கிறார்களாம். மூன்றில் எது கேடு குறைவு என்று ஒரே வரியில் பதில் வேண்டுமாம். நுரையீரல் பரிசோதனை அறையில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. கேட்பவர்கள் நிறையப் பேர் என்பதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

சிகரெட் விஷயத்தில் வாதாட எதுவும் மிச்சமில்லை. பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற ஆய்வாளர்கள் 1951இல் மருத்துவர்களையே வைத்து ஆரம்பித்த ஆய்வு 50 ஆண்டுகள் நீண்டது. புகைப்பதை விடாத மருத்துவர்கள் ஒருபோதும் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே போய்ச்சேர்ந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டும் ஏறக்குறைய முழுசாகத் தப்பியது. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டு. ஆளைக் கட்டிப்போடுவது நிக்கோட்டின். கொல்வதில் பெரும்பங்கு புகையிலை எரியும்போது வரும் தார் என்ற பிசுபிசுப்பான கசடுக்கும், கார்பன் மோனாக்சைடுக்கும், புற்றுநோயை உண்டாக்கும் 70 சொச்சம் ரசாயனங்களுக்கும்தான்.

வேப்பில் எதுவும் எரிவதில்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள் கலந்த திரவத்தைக் கம்பிச்சுருள் சூடாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் முழுக்க மாறியவருக்குக் கேடு நிச்சயம் குறைகிறது. நிக்கோட்டின் பிளாஸ்திரி, சூயிங்கம் போன்றவற்றைவிட வேப்பால் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. சுத்தமான காற்று என்று மட்டும் நினைத்துவிடாதே. திரவம் வற்றியபின் இழுத்தால் தொண்டையில் ஒரு தீய்ந்த ருசி வருமே, அப்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனம் எகிறும். கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியமும் கொஞ்சம் கலக்கும். அப்புறம், சிகரெட்டாவது ஒரு கட்டத்தில் அணைந்துவிடும். இதற்கு முடிவே கிடையாது. வேப் திரவத்தில் வரும் நிக்கோட்டின் சால்ட் (உப்பு வடிவ நிக்கோட்டின்) தொண்டையை உறுத்தாததால் எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது.

2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் திடீரென மூச்சுத்திணறி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,800க்கும் மேற்பட்டவர்கள். அதில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சா எண்ணெய்க் குப்பிகள்தான் காரணம். எண்ணெயைக் கெட்டியாக்க வைட்டமின் ஈ அசிடேட் சேர்த்திருந்தார்கள். வாயால் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத பொருள், ஆவியாக்கி நுரையீரலுக்கு அனுப்பியதும் ஆளைச் சாய்த்தது.

சரி, கஞ்சாவுக்கு வருகிறேன். புகையிலையும் செடியில் விளைந்த இலைதானே? எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். 1988இல் வந்த ஓர் ஆய்வில் கஞ்சா பிடிப்பவர்கள் சிகரெட் பிடிப்பவர்களைவிட ஆழமாக இழுத்து, நான்கு மடங்கு நேரம் மூச்சை அடக்கினார்கள். உள்ளே போன தார் மூன்று மடங்கு. ஆனாலும் சிகரெட்டைப் போல நுரையீரல் புற்றுநோயோடு இதற்கு உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. நாளுக்கு இருபது ஜாயின்ட் (கஞ்சா உருட்டிய சுருட்டு) பிடிப்பவர்கள் அபூர்வம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் பரிசோதனையில் குழாயைக் கவ்வி, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சில் ஊத வேண்டும். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் பார்ப்போம். கஞ்சா பிடிப்பவர்களில் சிலருக்கு மொத்த அளவு சராசரியைவிடக் கூடுதலாகவே இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உடனே "பார்த்தீர்களா, நுரையீரலுக்கு நல்லது" என்று துள்ளுவார்கள். காலையில் இருமி இருமிச் சளி துப்புவதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கும் கஞ்சாப் புகைக்கும் உள்ள தொடர்பு சந்தேகமில்லாதது.

கஞ்சாவை நான் தனியாகப் பிரித்து வைப்பது நுரையீரலுக்காக அல்ல, மூளைக்காக. போதை தரும் டிஹெச்சி 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கைத் தினமும் பிடிப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு சொன்னது. இளவயதில் ஆரம்பித்தால் ஆபத்து இன்னும் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் பக்கத்திலேயே போகக் கூடாது. இதயம் படபடவென்று அடிப்பது வேறு. புகையிலையைக் கலந்து உருட்டினால் ஒப்பீட்டுக்கே வேலையில்லை. இரண்டும் சேர்ந்து வருகிறது.

சிகரெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எதுவும் யோக்கியனாகத்தான் தெரியும். அதனால் வேப் நல்லதா என்று என்னிடம் கேட்காதே. எதற்குப் பதிலாக என்று கேள். இருபது சிகரெட் பிடித்தவர் முழுசாக மாறினால் லாபம். எதையுமே தொடாதவர் ஆரம்பித்தால் நஷ்டம். நீயோ வேப்பும் வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு சிகரெட்டும் பிடிக்கிறாய். நாளுக்கு ஒன்றே ஒன்று பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடுதலாக வரும் இதயநோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடும். ஆகவே முதலில் போக வேண்டியது அந்த இரண்டுதான். வேப்பைக் குறைப்பது அதற்கப்புறம். இப்போது எத்தனை மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள திரவம் ஊற்றுகிறாய், ஒரு குப்பி எத்தனை நாள் வருகிறது என்று எழுது. எங்கிருந்து குறைக்கலாம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா