அண்ணனுக்குப் பிடித்த பாட்டையும் கேட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களுக்குச் சென்று பழைய பாடல்களைப் பாடி மூத்தோரை மகிழ்விக்கும் தொண்டூழியர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல மனம் கொண்டவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் தமிழ் மூத்தோர் என்றால் பழைய திரைப்பாடலும் பக்திப் பாடலும் போதும் என்ற எண்ணம் அந்தக் கட்டுரை முழுவதும் இருந்தது. அது எல்லாருக்கும் பொருந்தாது. என் அண்ணனுக்குப் பொருந்தவில்லை.

அண்ணனுக்கு வயது எழுபது. செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளாக முதுமை மறதிநோய். வாரத்தில் மூன்று நாள் ஈசூனில் ஒரு நிலையத்துக்குப் போகிறார். காலை பத்து மணிக்கு அங்கே பாட்டு நேரம். மற்றவர்கள் கைதட்டுவார்கள், சிலர் கூடவே பாடுவார்கள். அண்ணன் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டுவார், பிரிப்பார், மறுபடி சுருட்டுவார். குறிப்பேட்டில் தாதி ஒரு நாள், "இசையில் ஆர்வம் இல்லை" என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்துவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனம் ஆறவில்லை. என் அண்ணனுக்கா இசையில் ஆர்வம் இல்லை?

1981ஆம் ஆண்டு. எனக்கு இருபது வயது, தேசிய சேவையில் இருந்தேன். வார இறுதியில் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய ஒலிநாடா ஒன்றை வைத்திருந்தார். திருட்டுப் பதிப்புதான். 1987இல் பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை சிங்கப்பூரில் அவை தாராளமாகக் கிடைத்தன. அட்டை முழுவதும் கறுப்பு. நகலெடுத்து நகலெடுத்து எழுத்துகள் மங்கிப்போயிருந்தன. உற்றுப் பார்த்தால்தான் படிக்க முடிந்தது: ஏசி/டிசி, 'பேக் இன் பிளாக்'. ஆஸ்திரேலிய ராக் இசைக்குழு ஒன்றின் பெயரும் அதன் ஆல்பத்தின் பெயரும்.

அந்தக் கறுப்பு அட்டை துக்கத்துக்காக என்று அண்ணன்தான் சொன்னார். குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19ஆம் தேதி லண்டனில் இறந்துபோனார். வயது 33. அதற்கு முந்திய ஆண்டில்தான் அவர்களுடைய ஆல்பம் ஒன்று அமெரிக்காவில் நன்றாக விற்று, பெயர் வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. குழு கலைந்துவிடும் என்றே பலரும் நினைத்தார்கள். குழுவில் கிதார் வாசித்த மால்கம் யங், உடன் கிதார் வாசித்த தன் தம்பி ஆங்கஸை அழைத்து உட்கார வைத்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார். கார்களுக்கு வினைல் கூரை போடும் தொழில் செய்துகொண்டிருந்த பிரையன் ஜான்சன் புதிய பாடகராக வந்தார். பஹாமாஸ் தீவில் ஒலிப்பதிவு செய்து, அதே ஆண்டு ஜூலையில் ஆல்பத்தை வெளியிட்டார்கள். சாவு வீட்டு மணியோசையோடு அது தொடங்கும். அந்த மணியை இங்கிலாந்தில் லஃப்பரோ ஊரில் வார்த்தார்கள். எடை சுமார் ஒரு டன். உலகெங்கும் 5 கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் வீட்டில் இருந்த ஒலிநாடா அந்தக் கணக்கில் சேராது.

அப்போது அண்ணனிடம் ஒரு வாக்மேன் இருந்தது. ஹெட்போனை என் தலையில் மாட்டி, வலப்பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்திவிட்டு, இடப்பக்கத்தை மட்டும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். "தம்பியை விடு. அண்ணனைக் கேள்" என்றார்.

வலது காதில் ஆங்கஸ், இடது காதில் மால்கம். பள்ளிச் சீருடையில் அரைக்கால் சட்டையோடு மேடை முழுவதும் ஓடிக் குதிக்கும் ஆங்கஸைத்தான் உலகம் பார்த்தது. அந்தச் சீருடை யோசனை அவர்களின் அக்காள் மார்கரெட் சொன்னது. குழுவின் பெயரும் அவர் தையல் இயந்திரத்தில் பார்த்த எழுத்து என்று சொல்வார்கள். மால்கம் பின்னால், டிரம்ஸ் பக்கத்தில் நிற்பார். பல்லவிக்கு மட்டும் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து பாடிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிவிடுவார். அவருடைய கிரெட்ஷ் கிதாரில் ஒலியை வாங்கும் பகுதிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றி எறிந்திருந்தார். தேவையில்லாதது எதுவும் அவரிடம் இருக்காது. இடது காதில் மட்டும் கேட்டபோதுதான் எனக்கு அது புரிந்தது. ஓர் அடி. பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி ஓர் அடி. நடுவில் விடுகிற அந்த இடைவெளி ஒரு மயிரிழைகூடக் கூடாது, குறையாது.

எங்கள் அப்பா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். செம்பவாங்கில் அப்போது இருந்த பாலசுப்பிரமணியர் கோயிலில் பஜனைக்குத் தாளம் பிடிப்பார். பாடுகிறவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், அப்பாவை யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு முறை இருமினால் பாட்டே தடுமாறும். அண்ணனுக்கு மால்கமைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இன்னொன்றும் இருக்கலாம். மால்கம் இளம் வயதில் சிட்னியில் ஒரு தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்தவர். இயந்திரத்தோடு பழகியவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

யங் குடும்பம் 1963இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தது. எட்டுப் பிள்ளைகள். மூத்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் அங்கே முதலில் பெயர் வாங்கிய இசைக்கலைஞர். தம்பிகளின் தொடக்க கால ஆல்பங்களைத் தயாரித்துக் கொடுத்தவரும் அவரே. 1973ஆம் ஆண்டின் கடைசி இரவு சிட்னியில் ஓர் இரவு விடுதியில் முதல் கச்சேரி. அதன்பின் மது விடுதிகளிலும் சிற்றூர்களிலும் வேனில் அலைந்த காலம். 1981இல்தான் அவர்களின் ஆல்பம் ஒன்று அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் வந்தவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அண்ணனோ அவற்றையும் வாங்கினார். 1990இல் மறுபடி எழுந்தார்கள். மறு ஆண்டு மாஸ்கோவில் விமானத் திடல் ஒன்றில் லட்சக்கணக்கானோர் முன் வாசித்தார்கள். மெல்பர்னில் ஒரு சந்துக்கு 2004இல் அவர்களின் பெயரையே வைத்தார்கள்.

எங்கள் அத்தை இதைப் பேய்க்கூச்சல் என்பார். நரகத்தைப் பற்றிப் பாடுகிறான், வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் வேண்டாம் என்பார். அண்ணன் எதிர்த்துப் பேசியதில்லை. அந்தப் பாட்டில் உள்ள நரகம் ஊர் ஊராகப் பஸ்ஸில் அலைந்து வாசிக்கும் பிழைப்பு என்று எனக்குத் தனியாக விளக்குவார். விளக்கு வைக்கும் நேரத்தில் வாக்மேனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விடுவார். தலைமுடியும் நீளமாக வளர்த்ததில்லை. நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டியிருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பார். மறுநாள் காலை இந்த ஒலிநாடாவைப் போடுவார். இரண்டுக்கும் நடுவில் எந்த முரணையும் அவர் கண்டதில்லை, நானும் காணவில்லை.

2010 மார்ச்சில் நாங்கள் இருவரும் பெர்த்துக்குப் போனோம். ஐந்து மணி நேர விமானப் பயணம். அண்ணி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனாலும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். கச்சேரிக்கு முதல் நாள் ஃபிரிமேண்டில் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். பான் ஸ்காட்டின் கல்லறை அங்கே இருக்கிறது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் கூட்டி ஒதுக்கினார். வேறொன்றும் பேசவில்லை.

மறுநாள் இரவு சுபியாக்கோ ஓவல் திடல். தாத்தாவும் மகனும் பேரனுமாகக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சிவப்பாக மினுக்கும் கொம்புகள் விற்றார்கள். ஐம்பத்தைந்து வயது அண்ணன் ஒன்று வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். அது இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மேடையில் ஒரு பெரிய ரயில் எஞ்சின் நின்றது, மணி இறங்கியது, ஆங்கஸ் ஓடினார். அண்ணன் அவற்றையெல்லாம் பார்க்கவே இல்லை. இரண்டு மணி நேரமும் இடப்பக்கத்தில் டிரம்ஸ் அருகே நின்ற ஒருவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரவில் எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மால்கமுக்கு அப்போதே நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. ஆண்டுக்கணக்காகத் தாமே வாசித்துவந்த, தாமே உருவாக்கிய இசையை அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர் மறுபடி மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று ஆங்கஸ் பிறகு பேட்டிகளில் சொன்னார். கற்றுக்கொண்டு வந்து வாசித்தார். நாங்கள் கேட்ட வரையில் ஓர் இடைவெளிகூடப் பிசகவில்லை.

2014இல் அவர் விலகினார். முதுமை மறதிநோய் என்று குடும்பத்தார் வெளிப்படையாக அறிவித்தார்கள். அவர் இடத்தில் அவருடைய மூத்த அண்ணனின் மகன் ஸ்டீவி நின்றார். 2017 அக்டோபரில் ஜார்ஜ் இறந்தார், நான்கு வாரம் முடியுமுன் நவம்பர் 18ஆம் தேதி மால்கமும் போய்விட்டார். வயது 64. அந்தச் செய்தியை அண்ணனே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அதுவரை அவருக்கு நோய் எதுவும் இல்லை. 2020இல் குழு வெளியிட்ட ஆல்பத்தின் எல்லாப் பாட்டிலும் ஆங்கஸின் பெயரோடு மால்கமின் பெயரும் இருக்கிறது. இருவரும் முன்பே சேர்ந்து செய்து வைத்திருந்தவற்றிலிருந்து தம்பி எடுத்துக் கோத்தது அது. அந்த ஆல்பத்தை அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவர் முழுமையாக நினைவோடு கேட்ட கடைசி ஆல்பம் அதுதான்.

தாதி எழுதிய குறிப்பைப் படித்த அந்த வாரச் சனிக்கிழமை, ஹெட்போன் ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒலியைக் குறைத்து வைத்து மாட்டிவிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. முதல் பாட்டு முடிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கழற்றிவிடலாம் என்று கையை நீட்டினேன். அப்போது அவர் தம் வலது கையை மெல்லத் தூக்கி, வலப்பக்கத்தைக் காதிலிருந்து பின்னால் தள்ளிவிட்டார். இடப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அன்றும் என் பெயர் அவருக்கு வரவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்குப் பதிலும் இல்லை. இசை நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல நான் எழுதவில்லை, தயவுசெய்து அப்படி யாரும் தலைப்புப் போடவேண்டாம். ஆனால் அந்தக் கை தானாக வந்த கை. அதை நான் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறேன்.

நிலையத்தில் சொன்னபோது முதலில் தயங்கினார்கள். சத்தமான இசை, பதற்றம் வருமோ, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவாகுமோ என்ற அவர்களின் கவலை நியாயமானதுதான். ஹெட்போன், குறைந்த ஒலி, இருபது நிமிடம், முகத்தில் சுளிப்புத் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவது என்று பேசி முடித்தோம். பிறகு சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். "விருப்பமான இசை" என்ற இடத்தில் தமிழ்ப் பழைய பாடல்கள், பக்திப் பாடல்கள் என்ற இரண்டு கட்டத்திலும் குறியிட்டிருந்தது. கையெழுத்து என்னுடையது. அண்ணனோடு பெர்த் வரை போய்வந்த நானே, அவசரத்தில், தமிழர் என்றால் இதுதான் என்று குறியிட்டிருக்கிறேன். அது இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

எனவே நிலையங்களை நடத்துவோருக்கும் தொண்டூழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் என் வேண்டுகோள் இது. கட்டத்தில் குறியிடச் சொல்லாதீர்கள். இருபது, இருபத்தைந்து வயதில் இவர் சொந்தக் காசில் எந்தப் பாட்டை வாங்கினார் என்று கேளுங்கள். மனைவிக்குத் தெரியாவிட்டால் தம்பி தங்கையைக் கேளுங்கள், கூட வேலை பார்த்தவரைக் கேளுங்கள். அண்ணன் உட்காரும் அதே மேசையில் ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். கம்பத்தில், அதாவது சிற்றூரில், மலாய்க்காரர்களோடு வளர்ந்தவர். அவருக்கு மலாய்ப் பாடகர் பி.ரம்லியின் பாட்டுகள்தான் உயிர் என்று அவர் மகள் என்னிடம் சொன்னார். அதையும் யாரும் இதுவரை கேட்டதில்லையாம்.

அண்ணனின் பையில் இப்போது ஹெட்போன் இருக்கிறது. அவரைக் கவனிக்கும் தாதிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பக்கம் மாற்றி மாட்டிவிடக்கூடாதே என்பதற்காக, இடப்பக்கத்தில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன்